கந்தளாய் வரம்பிலிருந்து புறாத்தீவு வரை: ஐந்து நாள் பயணக் குறிப்பு

முதல் நாள்: கந்தளாய்க் குளக்கட்டு

திருகோணமலை நகரிலிருந்து ஏ-6 வீதியில் பஸ் ஏறினால் கந்தளாய் சுமார் 40 கிலோமீற்றர். இந்தப் பயணம் இங்கே தொடங்குவதற்குக் காரணம், மாவட்டத்து நெல்லில் ஒரு பங்குக்கும் நகரத்துக் குடிநீர்க் குழாய்க்கும் இந்தக் குளம்தான் ஊற்று. நாளை தம்பலகாமத்து வயல், பிறகு கடலோரச் சேற்றில் நிற்கும் கண்டற்காடு, நிலாவெளிக் கரை, கடைசியில் புறாத்தீவு.

வயலில் வரம்பு என்றால் மண்ணைக் குவித்துக் கட்டிய கரை. நீரைத் தேக்கும். மிஞ்சியதை வக்கடை வழியே விட்டுவிடும். வரம்பு கரைந்தால் ஒரே இரவில் பாத்தி வற்றிவிடாது. ஓர் ஓரத்தில் கசிவு தொடங்கி, மண்ணை அரித்து, பிறகு ஒரு நேரத்தில் மொத்தமாகப் போகும். பூமிக்கும் இப்படி ஒன்பது வரம்புகள் உண்டு என்று 2009இல் யொகான் ரொக்ஸ்ட்ரோம் தலைமையில் 29 விஞ்ஞானிகள் எழுதினார்கள். காலநிலை, உயிர்ப் பல்வகைமை, காடும் நிலமும், நன்னீர், நைதரசனும் பொசுபரசும், கடல் அமிலமாதல், வளிமண்டலத் தூசி, ஓசோன் படை, மனிதன் புதிதாகச் செய்து பரப்பிய பொருள்கள். 2023இல் கணக்கெடுத்தபோது ஆறு மீறப்பட்டிருந்தன. 2025இல் கடல் அமிலமாதலும் சேர்ந்து ஏழாயிற்று. ஓசோன் மட்டும் 1987 மொன்றியல் உடன்படிக்கைக்குப் பிறகு மெல்ல மீண்டுவருகிறது.

நன்னீர் வரம்பை அளக்கும் முறை பலருக்குத் தெரியாது. எவ்வளவு தண்ணீர் எடுத்தோம் என்று மட்டும் பார்ப்பதில்லை. ஆறுகளின் ஓட்டம் பழைய இயல்பிலிருந்து கூடியோ குறைந்தோ விலகிய நிலப்பரப்பு உலகில் எத்தனை வீதம் என்று பார்க்கிறார்கள். 2023 கணக்கில் வரம்பு 10.2 வீதம்; விலகியது 18.2. கந்தளாய்க் குளக்கட்டில் நின்றால் அந்த விலகல் கண்முன்னே கிடக்கிறது. இங்கே நிற்கும் நீர் எல்லாம் இந்த மண்ணில் பெய்த மழை இல்லை. 1976 முதல் பொல்கொல்லையில் மகாவலி திருப்பப்பட்டு அம்பன் கங்கையில் விழுகிறது. எலஹெரவில் மறுபடி திருப்பி, மின்னேரியா வழியாகப் பழைய பெருங்கால்வாயில் கந்தளாய்க்கு வருகிறது. குளத்தைக் குளக்கோட்டன் பெயரோடு சேர்த்துச் சொல்வது திருகோணமலை மரபு. சிங்கள வரலாறு இரண்டாம் அக்கபோதியைச் சொல்லும். எவர் கட்டியதாயினும் 1986 ஏப்ரல் 20 அதிகாலை அணை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டது அண்மைக் கதை.

ஆனி மாதம், தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று. நீர்ப்பரப்பிலிருந்து ஒரு நாளைக்கு 5 மில்லிமீற்றர் ஆவியானால் ஒரு ஹெக்ரேயருக்கு 50 கன மீற்றர் போகிறது என்று கணக்கு. வெறும் காற்று குடிக்கிற நீர் அது. கட்டில் நடக்க வருகிறவர்கள் காலை ஏழு மணிக்குள் வந்துவிடுங்கள். பிறகு மணல் கண்ணில் அடிக்கும்.

இரண்டாம் நாள்: தம்பலகாமத்து வயல்

இன்றைய குறிப்பு நீளம். வேறு எந்த வரம்பையும்விட இந்த வரம்பில் ஒரு தனி விவசாயியின் கை நேரடியாகப் படுகிறது.

2023இன் உலகக் கணக்கு முதலில். வயல்களில் புதிதாகச் சேர்க்கும் நைதரசனுக்கு வரம்பு ஆண்டுக்கு 62 மில்லியன் தொன், சேர்ப்பது 190. ஆற்றின் வழியே கடலுக்குப் போகும் பொசுபரசுக்கு வரம்பு 11 மில்லியன் தொன், போவது 22.6. இந்தப் பெரிய எண்களை ஓர் ஏக்கருக்கு இறக்கிப் பார்ப்போம். உலர் வலயத்துப் பாசன நெல்லுக்குப் பரிந்துரைக்கப்பட்டுவந்த யூரியா ஏக்கருக்குச் சுமார் 90 கிலோ, ஏறக்குறைய இரண்டு மூடை. யூரியாவில் 46 வீதம் நைதரசன், ஆக 41 கிலோ. நெற்பயிர் எடுத்துக்கொள்வது வழக்கமாக 30 முதல் 40 வீதம்தான். மிச்சம் 25 கிலோ அளவாவது காற்றுக்கும் வாய்க்காலுக்கும் மண்ணடிக்கும் போகிறது. காசு கொடுத்து வாங்கிய மூடையில் பாதிக்கு மேல்.

எங்கே தவறுகிறது என்பதை ஒரு குருணையோடு போய்ப் பார்க்கலாம். நிற்கும் நீரில் வீசிய யூரியா மணி சில நிமிடத்தில் கரைந்துவிடும். மண்ணிலும் நீரிலும் உள்ள நொதியம் இரண்டு மூன்று நாளுக்குள் அதை அமோனியமாக்கும். பாத்தி நீரில் பச்சைப்பாசி படர்ந்திருந்தால் நடுப்பகலில் அது நீரிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சிவிட, நீரின் பி.எச். 9ஐத் தாண்டும். அந்தக் காரநிலையில் அமோனியம் அமோனியா வாயுவாகிக் கச்சானோடு பறந்துவிடும். ஆகவே மோசமான வேளை எது என்றால், வெயிலேறிய பிறகு, பாசி பிடித்த நிறைநீரில், காற்று வீசும்போது. நல்ல வேளை: நீரை வடித்து மண் சேறாக இருக்கும்போது வீசி, வக்கடையை அடைத்து, அடுத்துப் பாய்ச்சும் நீரோடு உரம் மண்ணுக்குள் இறங்க விடுவது. வீசிய மறுநாள் வக்கடை திறந்திருந்தால் அந்த உரம் பக்கத்து வயலுக்கும் கடைசியில் குடாவுக்கும் தானம்.

அளவை இலை நிற அட்டை சொல்லும். நான்கு பச்சைச் சாயல் கொண்ட பிளாஸ்டிக் அட்டை. விதைத்து இரண்டு மூன்று கிழமைக்குப் பிறகு, 7 முதல் 10 நாளுக்கு ஒருதடவை, காலை எட்டுக்கும் பத்துக்கும் இடையில் பாருங்கள். நோயில்லாத பத்துப் பயிரில், முழுதாக விரிந்த இளைய இலையின் நடுப்பகுதியை அட்டையின் மேல் வைத்து, உங்கள் உடல் நிழலில் ஒப்பிடவேண்டும். வெயில் நேரே பட்டால் இலை வெளிறித் தெரியும். தேவையில்லாமல் உரம் போடுவீர்கள். விதைப்பு வயலுக்கு 3ஆம் சாயல், நாற்று நட்ட வயலுக்கு 4ஆம் சாயல் அளவுகோல். பத்தில் ஆறு இலை அதற்குக் கீழே இருந்தால் மட்டும் மேலுரம். ஒவ்வொரு தடவையும் ஒரே ஆள் பார்ப்பது நல்லது, கண்ணுக்குக் கண் பச்சை மாறும்.

நீருக்கும் இப்படி ஒரு கருவி உண்டு, அதைக் கையாலேயே செய்யலாம். 30 சென்ரிமீற்றர் நீளக் குழாய், விட்டம் 10 முதல் 15. பிளாஸ்டிக் வேண்டாமென்றால் மூங்கில். கீழ்ப் பாதி முழுவதும் துளையிட்டு, 15 சென்ரிமீற்றர் மண்ணுக்குள் போக அறைந்து, உள்ளே இருக்கும் சேற்றை அடிவரை வழித்து எடுத்துவிடவேண்டும். வரம்பை ஒட்டிப் புதைத்தால் கசிவு ஏமாற்றும். ஒரு மீற்றராவது உள்ளே தள்ளிப் புதையுங்கள். மேலே நீர் வற்றி மண் தெரிந்தாலும் குழாய்க்குள் நீர் நிற்கும். வேர் அதைக் குடிக்கிறது. குழாய்க்குள் 15 சென்ரிமீற்றரும் இறங்கி அடிமண் தெரிந்தால், மேலே 5 சென்ரிமீற்றர் நிற்குமளவு பாய்ச்சவேண்டும். பூக்கும் காலத்துக்கு ஒரு கிழமை முன்னும் பின்னும் மட்டும் வற்ற விடக்கூடாது, பதராகும். புல் மண்டிய வயலில் முதல் இரண்டு மூன்று கிழமை நீரை நிறுத்தியே வைத்துப் பிறகு தொடங்கவேண்டும். இப்படிச் செய்தால் 30 வீதம் வரை நீர் மிஞ்சும், நீர் நிற்கும் வயலிலிருந்து எழும் மெதேன் வாயு ஏறக்குறைய பாதியாகும். ஒரு கிலோ நெல்லுக்குச் சராசரி 2,500 லீற்றர் போகிறது என்பதை வைத்துப் பார்த்தால் அது சின்னச் சேமிப்பில்லை.

இரண்டு தடை உண்டு. முறை வைத்து வாய்க்கால் திறக்கும் இடத்தில், குழாய் கேட்கும் நாளில் நீர் வராது. அடுத்த முறைவரை வராதோ என்ற பயத்தில் விவசாயி நிறைத்துத்தான் வைப்பார், அதில் பிழை சொல்ல முடியாது. ஒரே வயற்கண்டத்தில் உள்ளவர்களும் வாய்க்கால் திறப்பவர்களும் சேர்ந்து செய்தால்தான் சரிவரும். இன்னொன்று, காய்ந்து நனைவதற்கு இடையில் யூரியாவை அள்ளிப் போட்டால் மெதேன் குறைந்த இடத்தில் நைதரசு ஒட்சைட்டு கூடும். அது காபனீரொட்சைட்டைவிட 273 மடங்கு சூடேற்றும் வாயு. நிற அட்டையும் குழாயும் ஒன்றாகப் போகவேண்டும்.

உரத்தையே நிறுத்தினால் என்ன என்று கேட்பவர்களுக்கு இலங்கை ஒரு பதில் வைத்திருக்கிறது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி ஒரேயடியாகத் தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை விலக்கப்பட்டது. அந்தப் பெரும்போகத்தில் விளைச்சல் சரிந்ததை இந்த வயல்காரர் எவரும் மறக்கவில்லை. வரம்புக்குள் வருவதென்றால் 190ஐ 62க்குப் படிப்படியாக இறக்குவது, பூச்சியத்துக்குத் தள்ளுவது இல்லை. முதலில் வெட்டவேண்டியது வீணாய்ப் போகும் அந்த 25 கிலோவை.

மூன்றாம் நாள்: தம்பலகாமக் குடா, கிண்ணியாப் பக்கம்

வடிகால் நீர் வந்து சேரும் இடம். குடாவின் ஓரம் முழுக்க ஒருகாலம் கண்டல் நின்றது. இப்போது துண்டு துண்டாய் நிற்கிறது. மிண்டி வேர் விட்டு நீருக்குள் நிற்பது கண்டல். பின்னால், பென்சில் நட்டதுபோல மூச்சுவேர் நிமிர்ந்து நிற்பது கண்ணா. இன்னும் மேட்டில் தில்லை, அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, கிளையை ஒடிக்காதீர்கள்.

சேற்றில் ஒரு விரல் ஆழம் கிண்டிப் பாருங்கள். மேலே தோல் போல ஒரு மெல்லிய பழுப்புப் படை. அதற்குக் கீழே கருஞ்சேறு, அழுகிய முட்டை வாடை. பழுப்பில் ஒட்சிசன் உண்டு, கறுப்பில் இல்லை. வயலிலிருந்து வந்த நைத்திரேற்று இந்த இரண்டு படைக்கும் இடையில்தான் மாட்டிக்கொள்கிறது: ஒட்சிசன் இல்லாத சேற்றில் வாழும் பற்றீரியா நைத்திரேற்றைச் சுவாசித்து, வெறும் நைதரசன் வாயுவாகக் காற்றுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. கண்டற்காட்டை அழித்து மண் கொட்டி மேடாக்கினால் இந்த வேலை நின்றுவிடும். உரம் நேரே குடாவுக்குள் போகும். இதே சேறுதான் காபனையும் நூற்றாண்டுக் கணக்கில் புதைத்து வைக்கிறது. தோண்டிக் காயவிட்டால் அது எரிவதுபோல வெளியேறும்.

கண்டல் நட வருகிற குழுக்களுக்கு ஒரு வார்த்தை. ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கையில் 1,000 முதல் 1,200 ஹெக்ரேயர் வரை நடப்பட்டது. 23 இடங்களைப் பார்த்து 2017இல் வெளியான ஆய்வில் தப்பியிருந்தது 200 முதல் 220 ஹெக்ரேயர்தான். பெரும்பாலும் காரணம் ஒன்றே: தாழ்ந்த சேற்றுவெளியில் நட்டார்கள். கண்டல் வாழ்வது சராசரிக் கடல்மட்டத்துக்கும் உயர்பெருக்கு மட்டத்துக்கும் இடைப்பட்ட பட்டையில். திருகோணமலையில் வற்றுக்கும் பெருக்குக்கும் வித்தியாசம் அரை மீற்றர் அளவே என்பதால் அந்தப் பட்டை மிக ஒடுக்கம். ஒரு முழம் கீழே இறங்கி நட்டாலும் நாற்று நாள் முழுதும் நீருக்குள் மூழ்கி, தண்டில் கொட்டலசு என்ற ஓட்டுயிரி ஒட்டி, பாரத்தில் சாயும்.

எனவே நடுவதற்கு முன்னர் மூன்று காரியம். பக்கத்தில் தானாக முளைத்து நிற்கும் கண்டலின் அடி எந்த மட்டத்தில் இருக்கிறது என்று தெளிந்த குழாயில் நீர் நிரப்பி மட்டம் பிடியுங்கள். நடும் இடமும் அதே மட்டமாக இருக்கவேண்டும். வீதியோ வரம்போ போட்டு நீரோட்டத்தை மறித்திருந்தால் முதலில் அதை வெட்டி விடுங்கள். கடற்புல் இருக்கும் இடத்தில் நடவே கூடாது. ஒரு காட்டைக் கொன்று இன்னொரு காடு. நீரோட்டம் சரியாக இருந்து தாய்மரம் பக்கத்தில் இருந்தால் நடத் தேவையே இல்லாமல் முளைத்து வரும். அப்படியும் நடவேண்டி வந்தால், மரத்திலிருந்து தானாகக் கழன்ற, நுனி காயாத முளைக்காய்களை மூன்றிலொரு பங்கு சேற்றுக்குள் போக, மீற்றருக்கு ஒன்றாக ஊன்றலாம்.

19ஆம் நூற்றாண்டில் இந்தக் குடா கண்ணாடிச் சிப்பிக்குப் பேர்போனது. அதன் முத்துக்காக ஆங்கிலேயர் குத்தகைக்கு விட்டார்கள். தட்டையான, ஒளி ஊடுருவும் ஓடு.

நான்காம் நாள்: உப்புவெளி, நிலாவெளி

காலையில் கரைக் குப்பை. 2017இல் 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்ததுமான பொலித்தீனும் லன்ச் ஷீற்றும், 2021இல் 20 மில்லிலீற்றர் வரையிலான சின்னப் பைக்கற்றுகளும், 2023 ஒக்ரோபரில் உறிஞ்சுகுழல், கரண்டி, இடியப்பத் தட்டு வரையும் இலங்கையில் தடையாகின. தடை கரையில் தெரிகிறதா என்று அறிய ஒரே வழி, ஒரே 100 மீற்றரைத் திரும்பத் திரும்ப எண்ணுவது. நீர்விளிம்பிலிருந்து அடம்பன்கொடி தொடங்கும் இடம் வரை, இரண்டு பேர் குறுக்கும் நெடுக்கும் நடந்து, 2.5 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட எல்லாவற்றையும் பொருள் வாரியாக எண்ணி எடுக்கவேண்டும். நிறுக்கவும் செய்யலாம், ஆனால் ஈர மணல் ஒட்டிய வலைத்துண்டு நிறையைக் கெடுக்கும், எண்ணிக்கைதான் நம்பகம். விடுதிகள் காலையில் கூட்டிவிடும் கரையைத் தெரிவுசெய்தால் கணக்குப் பொய்.

சின்னத் துணிக்கைக்கு 50க்கு 50 சென்ரிமீற்றர்ச் சட்டம். கடைசிப் பெருக்கு விட்டுப்போன கோட்டில் வைத்து 5 சென்ரிமீற்றர் ஆழ மணலை அள்ளி, 5 மில்லிமீற்றர், 1 மில்லிமீற்றர் அரிதட்டுகளில் சலியுங்கள். தங்கியதை நிறையுப்பு நீரில் போட்டுக் கலக்கி விடவேண்டும்: ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 360 கிராம் உப்பு. அடர்த்தி 1.2. பொலித்தீன், பொலிப்புரொப்பிலீன், ரெஜிபோம் மிதக்கும். சோடாப் போத்தல் செய்யும் பிளாஸ்டிக்கின் அடர்த்தி 1.38 என்பதால் அது அடியிலேயே கிடக்கும், கணக்கில் வராது. தங்கூசி வலையின் நைலோன் 1.14. உப்புநீரில் மிதக்கும், கடல்நீரில் அமிழும். அறுந்த வலை கரைக்கு வராமல் அடியில் முருகைக்கல்லை (பவளப்பாறையை) சுற்றிக்கொள்வது இதனால்தான். புல்மோட்டைப் பக்கம் போய் இதே வேலை செய்தால் கறுப்புத் துணிக்கையைக் கண்டு பதறவேண்டாம், இல்மனைட்டு மணல் அது. உப்புநீரில் கல்லாய் இறங்கிவிடும். ரோச நிறத்திலும் நீலத்திலும் நார் தெரிந்தால் முதலில் உங்கள் சட்டையைப் பாருங்கள்.

பிற்பகல் நிலாவெளிக் கிணறுகள். மணலுக்குள் மழைநீர் கடல்நீரின் மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீற்றர் நின்றால் கீழே சுமார் 40 மீற்றர் உவர்நீரைத் தள்ளி வைக்கும். திருப்பிப் பார்த்தால், மோட்டர் போட்டுப் 10 சென்ரிமீற்றர் இறக்கினால் அடியில் உவர்நீர் 4 மீற்றர் ஏறிவரும். நீரின் உப்பை மின்கடத்தலால் காட்டும் கடத்துதிறன் மானியைக் கிணற்று நீரில் அமிழ்த்திப் பாருங்கள்: நல்ல நீர் 1,000 மைக்ரோசீமன்சுக்குள் இருக்கும், கடல்நீர் 50,000க்கு மேல். மோட்டர் ஓடத் தொடங்கி ஒரு மணி நேரத்தில் எண் ஏறுகிறது என்றால் அந்தக் கிணற்றை ஓய விடவேண்டும். ஆழமாய்த் தோண்டுவது மருந்தாகாது. அகலமாய், ஆழங்குறைவாய், சிறுகச் சிறுக இறைப்பதுதான் கடற்கரைக் கிணற்றுக்கு முறை.

ஐந்தாம் நாள்: புறாத்தீவு

நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவு. 1963இல் சரணாலயம், 2003இல் தேசிய பூங்கா, தீவும் சூழ்ந்த கடலுமாக 471 ஹெக்ரேயர். மாடப்புறா கூடு கட்டுவதால் இந்தப் பெயர். அனுமதிச்சீட்டு கரையிலேயே எடுக்கவேண்டும். கச்சான் உரக்கும் முன், காலை முதல் வள்ளத்தில் போவது நல்லது. நீர் தெளிவாயும் ஆள் குறைவாயும் இருக்கும்.

1998இல் கடல் சூடேறித் தெற்கு, மேற்கு முருகைக்கற்கள் பெருமளவு வெளிறிச் செத்தபோது திருகோணமலைப் பக்கம் தப்பியது. அந்தத் தப்பை நிரந்தரம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. வெப்பக் கணக்கு இதுதான்: ஓர் இடத்தின் ஆண்டிலேயே சூடான மாதத்துச் சராசரியை 1 பாகை தாண்டிய நீர் நான்கு கிழமை நின்றால் வெளிறல் தொடங்கும், அதே அளவு எட்டுக் கிழமை நின்றால் பரவலாய்ச் சாவு. முருகை உயிரியின் தசைக்குள் இருக்கும் பாசிதான் அதற்குச் சோறு போடுகிறது, நிறமும் அதுதான். சூட்டில் பாசி நஞ்சைக் கக்கத் தொடங்க, உயிரி அதை வெளியே துப்பிவிடும். வெள்ளையாய்த் தெரிவது தசையினூடாகத் தெரியும் எலும்பு. அந்நேரம் அது சாகவில்லை, பட்டினி கிடக்கிறது. சில கிழமைக்குள் நீர் ஆறினால் மீளும்.

இங்கேதான் இரண்டாம் நாளின் யூரியா திரும்ப வருகிறது. நீரில் நைதரசன் கூடிப் பொசுபரசு கூடாமல் இருந்தால் பாசி பெருகிப் பொசுபரசுப் பஞ்சத்தில் பலவீனமாகும். அப்போது வழக்கத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே வெளிறல் நேரும். தம்பலகாமத்து வாய்க்கால் நேரே இங்கே வந்து விழவில்லை, இடையில் துறைமுகமும் கொட்டியாரக்குடாவும் உண்டு. நிலாவெளிக்கு அதன் சொந்த வடிகாலும் விடுதிக் கழிவுக்குழிகளும் போதும். 1970களில் இந்தக் கரையோரத்தைத் தாக்கிய முள்முடி நட்சத்திரமீனின் குஞ்சுகளும் போசணை மிகுந்த நீரின் மிதவைப் பாசியில் கொழுக்கக்கூடியவை. வளர்ந்த ஒன்று ஆண்டுக்கு 10 சதுர மீற்றர் வரை முருகையைத் தின்னும். கண்டால் வெட்டாதீர்கள், துண்டு மறுபடி வளரும். இடத்தைக் குறித்துப் பூங்கா உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்; அனுமதி பெற்றவர்கள் வினாகிரி ஊசி போட்டுக் கொல்வார்கள்.

அமிலமாதலை இங்கே அளக்கலாம் என்று பி.எச். தாளோடு வருகிறவர்கள் ஏமாறுவார்கள். கைத்தொழில் யுகத்துக்கு முன்னர் 8.2 ஆக இருந்த கடல் மேற்பரப்பு இப்போது 8.1. அளவுகோல் மடக்கைக் கணக்கு என்பதால் அந்த 0.1 என்பது அமிலத்தன்மை 26 வீதம் அளவு கூடியதற்குச் சமம். தாளோ அரை அலகு பிழைவிடும், மலிவு மானி 0.1. அதற்கு மேல் முருகைக்கல்லிலேயே பகலுக்கும் இரவுக்கும் அதைவிடப் பெரிய மாற்றம் இருக்கும். காற்றில் காபனீரொட்சைட்டு வரம்பு மில்லியனுக்கு 350. 2024இல் 420ஐத் தாண்டிவிட்டது. மனிதர் வெளிவிடுவதில் கால்வாசியைக் கடல் குடிக்கிறது. கையில் கருவி இல்லாமலே நம்பவேண்டிய எண் இது.

அளக்கக்கூடியது நிறம். குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகம் 2002இல் தொடங்கிய முருகை நிற அட்டையில் நான்கு சாயல், ஒவ்வொன்றிலும் 1 முதல் 6 வரை. ஒரு முருகையின் மிக வெளிறிய இடத்தையும் மிகக் கடும் நிறமான இடத்தையும் அட்டையோடு ஒப்பிட்டு இரண்டு எண் எழுதவேண்டும். கிளை முருகையின் நுனி வளர்முனை, எப்போதும் வெளிறியே இருக்கும், அதை எடுக்காதீர்கள். மேல்நோக்கிய பக்கத்தை எடுக்கலாம். குறைந்தது இருபது முருகை. அழகானதைத் தேடிப் போகாமல், காலில் மாட்டிய நீச்சல் செட்டையை ஐந்து தடவை அடித்து நின்ற இடத்தில் முதலாவதாகத் தெரிவதை எடுப்பது ஒரு முறை. ஒரே முருகை இரண்டு எண் இறங்கினால் அது வெளிறுகிறது.

ஆழம் ஒரு மீற்றர், இரண்டு மீற்றர்தான். அதனாலேயே ஆபத்து. வற்று நேரத்தில் களைத்தவர்கள் கால் ஊன்றுவது முருகையின் மேல். கிளை முருகை ஆண்டுக்கு 10 முதல் 15 சென்ரிமீற்றர் வளரும். உருண்டைப் பாறை முருகை ஒரு சென்ரிமீற்றர் அளவே. ஒரு குதிக்கால் உடைப்பது சில ஆண்டுகளின் வளர்ச்சியை. நீந்தத் தெரியாதவர்கள் மிதவைச் சட்டை போடாமல் இறங்கக்கூடாது, செட்டை போடாமல் இறங்குவது இன்னும் நல்லது. வெயிலுக்குப் பூசும் கிரீமுக்குப் பதில் நீளக்கைச் சட்டை. மீனுக்குப் பாண் போடக்கூடாது. கருஞ்செட்டைச் சுறாக்கள் கரையோரம் சுற்றும், மனிதரைக் கண்டு ஒதுங்கும். வள்ளக்காரர் நங்கூரத்தை மணலில் போடுகிறாரா என்று கேட்டுவிட்டே ஏறுங்கள்.

குறிப்பேட்டில் திகதி, நேரம், ஆழம், வற்றா பெருக்கா, வானம் மூடியிருந்ததா, தீவின் எந்தப் பாறை எந்தப் பக்கம் தெரிந்தது என்பவற்றையும் எழுதவேண்டும். அடையாளத்துக்கு எதையும் அடித்து நடப் பூங்காவில் இடமில்லை. ஒக்ரோபரில் வாடை திரும்பினால் கடல் கலங்கி அடி தெரியாது. ஆகவே அடுத்த அளவீடு அடுத்த ஆனியில், இதே நேரம், இதே ஆழம், இதே அட்டை. அட்டை வெயிலில் மங்கும். வருடத்துக்கு ஒன்று புதிதாக எடுத்து, பழையதை இருட்டுப் பையில் வையுங்கள்.